விண்மீன் மண்டலங்களின் முதுமை: இயல்பா, புறவிசையா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488-இல், அதாவது கி.பி. 1095-இல் எழுதி முடித்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலின் இரண்டாம் விவாதத்தில், கிரேக்க மருத்துவ அறிஞர் ஜாலீனூஸின் வாதம் ஒன்று ஆராயப்படுகிறது. சூரியன் அழியும் தன்மையுடையதாயின் நெடுங்காலத்தில் அதில் வாட்டம் தோன்றியிருக்க வேண்டும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வானோக்கர்கள் அதனை ஒரே அளவினதாகவே கண்டுவருகின்றனர். ஆகவே அது அழிவற்றது என்பது ஜாலீனூஸின் கருத்து. இமாமவர்கள் இதற்கு இரு மறுப்புகள் கூறுகிறார்கள். ஒரு பொருள் அழியுமுன் வாடித்தான் ஆக வேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை என்பது முதலாவது. நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது. வாட்டம் இல்லை என்பதை எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்கிறார்கள் இமாமவர்கள். சூரியன் பூமியைப்போல் நூற்றெழுபது மடங்கு பெரியது என்பது அக்காலக் கணக்கு. அத்துணைப் பெரிய பொருளிலிருந்து மலைகளின் அளவு குறைந்துபோனாலும் புலன்களுக்கு அது தெரியப் போவதில்லை; வானோக்கர்களின் அளவீடுகளோ தோராயமானவை.

அந்த ஐயம் எத்துணைச் சரியானது என்பதை இன்றைய இயற்பியல் எண்களாலேயே காட்டிவிடுகிறது. சூரியன் ஒளியாக மட்டும் வினாடிதோறும் ஏறத்தாழ 40 லட்சம் டன் நிறையை இழக்கிறது. ஆயினும், அது பிறந்து 460 கோடி ஆண்டுகள் ஆன பின்னும் இவ்வழியில் அது இழந்திருப்பது பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்றாகிவிடாது என்னும் தர்க்கம் வென்றது.

நமது மதரஸாக்களில் ஹிக்மத் நூல்களைப் பாடம் கேட்டவர்களுக்கு இவ்விவாதத்தின் பின்னணி நன்கு தெரியும். ஆக்கமும் அழிவும், அதாவது ‘கவ்னும் ஃபஸாதும்’, சந்திரனுக்குக் கீழுள்ள உலகில்தான். வானுலகம் அவற்றுக்கு அப்பாற்பட்டது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த கொள்கை. அந்நூல்களிலேயே வேறொரு பாகுபாடும் உண்டு. மேலே எறியப்பட்ட கல் தானாகக் கீழிறங்குவது ‘தப்ஈ’, இயல்பான இயக்கம். எறிந்த கையின் வலிமையால் அது மேலேறியது ‘கஸ்ரீ’, புறவிசையால் நேர்ந்த இயக்கம். வானுலகம் மாறாது என்ற கொள்கையை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் தப்ஈ, கஸ்ரீ என்ற பாகுபாட்டை, நமது காலத்து வானியலின் பெரிய கேள்வி ஒன்றைப் புரிந்துகொள்ள அப்படியே எடுத்தாளலாம். அந்தக் கேள்வி விண்மீன் மண்டலங்களைப் பற்றியது.

ஆங்கிலத்தில் காலக்சி என்றும், இன்றைய அரபியில் ‘மஜர்ரா’ என்றும் சொல்லப்படுவதையே இங்கு விண்மீன் மண்டலம் என்கிறோம். நமது சூரியன் உள்ளிட்ட பல்லாயிரங் கோடி விண்மீன்கள் சேர்ந்த பால்வெளி மண்டலம் அவற்றுள் ஒன்று. அதன் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒளி சென்றுசேர ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும். இத்தகைய பொருளொன்று இளமையிலிருந்து முதுமைக்குச் செல்லும் காலத்தை நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளால் அளக்க வேண்டும். அதன் மாற்றத்தை எந்த மனிதனும் இருந்து பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. ஜாலீனூஸ் சூரியனை நோக்கி நின்ற அதே இடத்தில்தான் நாமும் நிற்கிறோம் என்று தோன்றலாம்.

ஆனால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. தென்னந்தோப்பு ஒன்றில் ஒரே ஒரு நாள் நின்று பார்ப்பவன், எந்த மரம் வளர்வதையும் காண்பதில்லை. எனினும் கன்றும், குலைதள்ளிய மரமும், பட்டுப்போன மரமும் ஒருங்கே அவன் முன் நிற்பதால் தென்னையின் வாழ்வை அவன் ஊகித்தறிய முடியும். இது ஒரு வழி. மற்றது இதனினும் வியப்பானது. ஒளி பயணம் செய்யக் காலம் எடுத்துக்கொள்கிறது. 500 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி, அம்மண்டலம் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கோலத்தையே நமக்குக் காட்டுகிறது. தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதாகும். சூரியனின் முந்தைய நிலையை நேரில் காண இமாமவர்களுக்கோ ஜாலீனூஸுக்கோ வழியிருக்கவில்லை. மண்டலங்களின் முந்தைய நிலையைக் காண நமக்கு இருக்கிறது.

ஒரு மண்டலம் இளமையாக இருக்கிறதா, முதுமை எய்திவிட்டதா என்பதை அதன் நிறமே சொல்லும். நீலநிறத்துப் பெரு விண்மீன்கள் மிக்க வெப்பமுடையவை. தம் எரிபொருளை விரைந்து செலவிட்டு, சில கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துபோகின்றவை. ஆகவே நீலநிறம் எங்கே தெரிகிறதோ அங்கே விண்மீன்கள் அண்மையில் பிறந்திருக்க வேண்டும். பிறப்பு நின்றுவிட்டால் நீலமானவை மறைந்து, நீண்ட ஆயுளுடைய சிவந்த விண்மீன்களே எஞ்சும். விண்மீன் பிறப்பதற்கான மூலப்பொருள் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு. அதுவே மண்டலத்தின் முதல். நமது பால்வெளியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் நிறைக்கு ஈடான விண்மீன்கள் பிறக்கின்றன. கையிருப்பிலுள்ள வாயு இக்கணக்கில் சில நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் போதும். ஆயினும் ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிறப்பு நின்றபாடில்லை. அப்படியானால் வெளியிலிருந்து புதிய வாயு மெல்ல வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முதலும் வரவும் தீர்ந்துபோகும் மண்டலம் சிவந்து முதுமை எய்தும்.

சுருள் சுருளாகக் கைகள் விரிந்த மண்டலங்கள் பெரும்பாலும் நீலமானவை. முட்டைபோன்ற நீள்வட்ட மண்டலங்கள் சிவந்தவை. இவ்விரண்டிற்கும் இடையே, தட்டு வடிவம் இருந்தும் சுருள் கைகளோ போதிய வாயுவோ இல்லாத, கண்ணாடி வில்லை போன்ற ஒரு வகையும் உண்டு. இந்த வில்லை வடிவ மண்டலங்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வழக்கின் முக்கிய சாட்சி அவைதாம்.

மண்டலங்கள் வானில் சீராகப் பரவியிருக்கவில்லை. சில தனித்தும், சில சிறு குழுக்களாகவும், சில நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நெருங்கிய பெருங் கொத்துகளாகவும் உள்ளன. நமக்கு நன்கு அறிமுகமான மூன்று கொத்துகளும் அரபியர் பெயரிட்ட அடையாளங்களின் அருகிலேயே இருப்பது அரபி மொழி பயில்வோருக்கு ஓர் இனிய செய்தி. இன்று டெனபோலா எனப்படும் விண்மீன் ‘தனபுல் அஸத்’, சிங்கத்தின் வால். அதற்குக் கிழக்கே, கன்னி ராசிப் பகுதியில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது கன்னிக் கொத்து; ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் கொண்டது. வால்மீன்களைத் தேடிய பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே, அப்பகுதியில் முகில் போன்ற பொருள்கள் குவிந்திருப்பதை 1781-லேயே குறித்துவைத்தார். அதற்கு வடக்கே ‘ஹுல்பா’ என்று அரபியர் அழைத்த மங்கலான விண்மீன் குஞ்சம் இருக்கிறது. சிங்கத்தின் வால்நுனி முடியாக அதனைக் கண்டனர். அத்திசையில் ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது கோமா கொத்து. மூன்றாவது, ‘ரஃஸுல் கூல்’, பூதத்தின் தலை என்னும் அல்கோல் விண்மீனுக்கு இரண்டு பாகை அளவே தள்ளி, 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பெர்சியஸ் கொத்து. பெயரிட்டவர்கள் இவற்றைக் கண்டிருக்க வழியில்லை. வெறுங்கண்ணுக்கு இவை எட்டா.

கோமா கொத்தை 1933-இல் ஆராய்ந்த ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி ஒரு முரண்பாட்டைக் கண்டார். அங்குள்ள மண்டலங்கள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்னும் அளவிலான வேகங்களில் ஓடித் திரிகின்றன. இந்த வேகத்தில் அவை என்றோ சிதறிப் போயிருக்க வேண்டும். ஒளிரும் பொருள்களின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் பன்மடங்கு அங்கே இருக்க வேண்டுமென அவர் முடிவு செய்தார். நெடுங்காலம் எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. ஒரு கொத்தின் நிறையில் நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு இருண்ட பொருளே என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதன் உண்மைத் தன்மை என்னவென்று இன்றுவரை அறியப்படவில்லை.

எஞ்சியதிலும் விண்மீன்களின் பங்கு மிகச் சிறிதே. பெரும்பகுதி வேறொன்று. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்த மேடையிலிருந்து, எக்ஸ் கதிர்களை நோக்குவதற்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது கென்யாவின் விடுதலை நாள். ஆகவே சுவாஹிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் ‘உஹுரு’ என்று அதற்குப் பெயரிட்டனர். அச்சொல்லின் வேர் அரபியின் ‘ஹுர்’ என்பதே. உஹுரு, கொத்துகளில் எக்ஸ் கதிர்கள் மண்டலங்களிலிருந்து மட்டுமன்றி அவற்றின் இடைவெளி முழுவதிலிருந்தும் வருவதைத் தெளிவாக்கியது. கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. எல்லா மண்டலங்களின் விண்மீன்களையும் ஒன்றுசேர்த்து நிறுத்தாலும் இந்த வாயுவின் நிறையே பல மடங்கு மிகுதி. 1976-இல் பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பின் அடையாளமும் கண்டறியப்பட்டது. இரும்பு விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்பிலுமே உருவாகும் தனிமம். எனவே அந்த வாயுவின் ஒரு பகுதியேனும் முன்னொரு காலத்தில் மண்டலங்களுக்குள் இருந்து வெளியேறியதாக இருத்தல் வேண்டும்.

அது எவ்வாறு வெளியேறியது? ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்னும் இருவர் 1972-இல் எளிய கணக்கொன்றை முன்வைத்தனர். காற்றே வீசாத நண்பகலில் மோட்டார் சைக்கிளில் விரைபவரின் தோள்துண்டு பறந்துவிடுகிறது. காற்று அசையவில்லை, அவர்தான் அதை ஊடுருவிச் செல்கிறார். அவருக்கு அது புயலாகப் படுகிறது. புதிதாகக் கொத்தினுள் விழும் சுருள் மண்டலத்திற்கும் இதுவே நேர்கிறது. கொத்தின் வாயு மிக மெல்லியது; ஒரு கன மீட்டரில் சில ஆயிரம் துகள்கள் இருந்தாலே அதிகம். எனினும் மண்டலம் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகள் அதனூடே ஓடுகிறது. எதிர்ப்படும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒரு கட்டத்தில் அது மண்டலத்தின் ஈர்ப்புப் பிடியை மிஞ்சிவிடுகிறது. அப்போது விளிம்பிலிருந்து தொடங்கி வாயு பிடுங்கப்படுகிறது. விண்மீன்களோ அசைவதில்லை, பரப்புக்கு ஒவ்வாத பெரும் நிறையுடைய அவற்றை இந்தக் காற்று ஒன்றும் செய்ய இயலாது. உடல் அப்படியே இருக்க, அதன் முதல் மட்டும் பறிபோகிறது.

கணக்கில் கண்டதைக் கருவிகள் பின்னர்க் கண்ணுக்கே காட்டின. 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் ஹைட்ரஜன் வாயுவை நேரடியாக வரைபடமாக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலுள்ள பெரும் ரேடியோ தொலைநோக்கி வரிசையைக் கொண்டு கன்னிக் கொத்தின் 53 மண்டலங்களை ஆராய்ந்த முடிவுகள் 2009-இல் வெளியாயின. கொத்தின் மையத்தை அண்டியவற்றில் வாயுத் தட்டு விண்மீன் தட்டைவிடச் சிறுத்திருந்தது. ஓரம் தின்னப்பட்டுவிட்டது. தென்வானில் நார்மா கொத்தினுள் விரையும் ஒரு மண்டலத்தின் பின்னால், இரண்டு லட்சம் ஒளியாண்டுகளுக்கும் நீண்ட வெப்ப வாயு வால் இழுபடுவதைச் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி காட்டியது. அந்த வாலுக்குள்ளேயே, தாய்மண்டலத்துக்கு வெளியே, புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. இத்தகையவற்றை வானியலாளர் இழுதுமீன் மண்டலங்கள் என்கின்றனர். கடலோர ஊர்களில் பிறந்தோர் அப்படங்களைக் கண்டதும் அப்பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வர்.

இங்கே எளிய கதையைச் சிக்கலாக்கும் செய்தியொன்றும் உண்டு. காற்றின் மோதல் முதலில் வாயுவை நெருக்குகிறது. நெருக்குண்ட வாயுவில் விண்மீன் பிறப்பு சிறிது காலம் கூடுகிறது. அணையுமுன் சுடர் எழும்புவது போலத்தான். இத்தாலியின் படோவா நகர வானியலாளர் பியான்கா போஜான்டி தலைமையிலான குழு, சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியால் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பூட்டுவது: நன்கு வளர்ந்த வால்களையுடைய ஏழு இழுதுமீன் மண்டலங்களில் ஆறின் மையக் கருந்துளைகள் தீவிரமாக இரைகொள்ளும் நிலையில் இருந்தன. வெளியே பிடுங்கும் அதே அழுத்தம் ஒரு பகுதி வாயுவை உள்நோக்கியும் தள்ளுகிறது என்பது அக்குழுவின் விளக்கம்.

பறிப்பு ஒன்றே வழியன்று. 1980-இல் ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்ட்வெல் மூவரும் அமைதியான வேறொரு முடிவைச் சுட்டிக்காட்டினர். கொத்தினுள் வரும் மண்டலத்தின் தட்டிலுள்ள வாயு தப்பிவிடலாம். ஆனால் அதைச் சுற்றி மிதந்து மெல்ல உள்ளே இறங்கிவந்த வெளிவாயு நின்றுவிடும். ஊற்று அடைபட்ட கிணற்றைப் போல, உள்ள நீரை இறைக்கும் வரை இறைத்துப் பின் வறண்டுபோகும். 26,000 மண்டலங்களின் விண்மீன்களிலுள்ள தனிமங்களின் அளவைக் கொண்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவாக மண்டலங்கள் முதுமை எய்துவதில் இந்த வரவு நிற்றலே முதன்மையான வழி என்றும், அதற்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றும் வாதிட்டது. மூச்சு சட்டென நின்றால் புதிய தனிமங்கள் சேரக் காலமிராது. மெல்ல நின்றால் எஞ்சிய வாயு மீண்டும் மீண்டும் விண்மீனாகித் தனிமங்கள் மிகும். முதிய மண்டலங்களில் அந்த மிகுதி காணப்பட்டது என்பதே வாதத்தின் சாரம்.

கொத்தின் நெருக்கத்தில் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்துவிடும் என்று எவரும் எதிர்பார்ப்பர். உண்மை அதற்கு மாறானது. இருவர் சந்தித்து உறவாட நிதானம் வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கடப்பவை ஒன்றையொன்று உலுக்கிவிட்டுப் போகுமேயன்றி இணைவதில்லை. இணைதல் நிகழ்வது சிறு குழுக்களில், மெதுவான சந்திப்புகளில். ஆகவே பல மண்டலங்கள் பெருங்கொத்தை அடையுமுன், வழியிலுள்ள சிறு குழுக்களிலேயே பாதி மாறிவிடுகின்றன. கொத்தினுள் நிகழும் இடைவிடாத விரைவுச் சந்திப்புகளோ சிறிய, மெலிந்த மண்டலங்களை உருக்குலைக்கின்றன.

இப்போது வழக்கிற்கு வருவோம். ஆலன் டிரெஸ்லர் 1980-இல் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெருக்கம் கூடக் கூடச் சுருள் மண்டலங்கள் அருகி, வில்லை வடிவமும் நீள்வட்டமும் பெருகுவதை நிறுவினார். வெளியே தனித்திருப்பவற்றில் பெரும்பான்மை சுருள். கொத்தின் மையத்தில் அவை பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் இதைக் கொண்டே சூழல் மண்டலத்தை மாற்றிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நெருக்கமான இடத்தில் பிறந்தவை தொடக்கத்திலிருந்தே வேறுவகையாகப் பிறந்திருக்கலாமன்றோ? முதியோர் இல்லத்தில் முதியோரே இருப்பதால் அவ்வில்லம்தான் அவர்களை முதுமையாக்கியது என்று எவரும் சொல்வதில்லை. ஒரே காட்சி தப்ஈக்கும் சான்றாகிறது, கஸ்ரீக்கும் சான்றாகிறது.

தீர்ப்புச் சொல்லப் பழங்காலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹார்வி புட்சர், அகஸ்டஸ் ஏம்லர் இருவரும் 1978-இல், 400 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒளியைத் தரும் இரு தொலைக் கொத்துகளை ஆராய்ந்து, இன்றைய கொத்துகளில் அரிதான நீல மண்டலங்கள் அங்கே ஏராளமாக இருப்பதைக் கண்டனர். முதலில் பலர் நம்பவில்லை. முன்னும் பின்னும் உள்ள வேறு மண்டலங்கள் கலந்து தெரிகின்றன என்றனர். பிறகு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அவற்றின் வடிவங்களையே பிரித்துக் காட்டியது. 1997-இல் டிரெஸ்லரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு, என் மதிப்பீட்டில், இத்துறையின் மிக அழகிய சான்று. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கொத்துகளில் நீள்வட்ட மண்டலங்கள் இன்றைக்குக் குறையாத அளவில் இருந்தன. வில்லை வடிவ மண்டலங்களோ இன்றுள்ளதில் பாதி, மூன்றிலொரு பங்கு என்னும் அளவே. அந்தக் குறைவுக்கு ஈடாகச் சுருள் மண்டலங்கள் மிகுந்திருந்தன. அன்று சுருளாக இருந்தவையே வாயுவை இழந்து, சுருள் கைகள் மங்கி, இன்று வில்லைகளாக நிற்கின்றன என்பதைவிட நேரான விளக்கம் இதற்கு இல்லை.

எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வில்லை வடிவங்களில் பலவற்றின் முதுமை கஸ்ரீ, சூழல் திணித்தது. பெரிய நீள்வட்ட மண்டலங்களின் முதுமை தப்ஈயை ஒட்டியது. கொத்து முழுமையாக உருவாகுமுன்பே அவற்றின் விண்மீன்களில் பெரும்பகுதி பிறந்து முடிந்துவிட்டது. இதற்கும் நேர்ச்சாட்சி உண்டு. 1,240 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில், ஒரு சிறு பரப்பினுள் பதினான்கு மண்டலங்கள் நெருங்கி, நமது பால்வெளியைவிடப் பன்மடங்கு மும்முரமாக விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்த காட்சி 2018-இல் அறிவிக்கப்பட்டது. அது ஒரு பெருங்கொத்தின் கரு. அவை தம் முதலை அவ்வளவு விரைவில் செலவிட்டதற்கு எந்தக் காற்றும் காரணமன்று. 2010-இல் யிங்ஜியே பெங்கும் உடனாய்வாளர்களும் ஏராளமான மண்டலங்களைக் கணக்கெடுத்து, நிறையால் வரும் முதுமையும் சூழலால் வரும் முதுமையும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே செயல்படுகின்றன என்று காட்டியது இதனோடு ஒத்துப்போகிறது.

கொத்தின் நடுவே வீற்றிருக்கும் பெருமண்டலத்தின் நிலை வேறு. ஓடிக் களைத்து வேகம் குறைந்தவை அதனிடமே வந்து விழுகின்றன. அது விழுங்கி விழுங்கிப் பெருக்கிறது. கன்னிக் கொத்தின் நடுவிலுள்ள எம்87 மண்டலத்தின் கருந்துளையே 2019-இல் முதன்முதலாகப் படமாக்கப்பட்டது. அதன் நிறை 650 கோடி சூரியன்களுக்குச் சமம். பெர்சியஸின் நடுமண்டலத்தில் ஒரு புதிர் இருந்தது. சுற்றியுள்ள வெப்ப வாயு ஒளியை உமிழ்ந்து குளிர வேண்டும். குளிர்ந்து மையத்தில் கொட்டி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் நிறைக்கு விண்மீன்கள் பிறக்க வேண்டும். அத்தனை பிறக்கவில்லை. யாரோ அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 2003-இல் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர், மையக் கருந்துளை ஊதும் பெருங்குமிழிகளிலிருந்து வாயுவில் அலைகள் பரவுவதைச் சந்திரா தொலைநோக்கியின் படத்தில் கண்டனர். அது ஒலியலை, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள். 2016-இல் ஜப்பானின் ஹிடோமி செயற்கைக்கோள் செயலிழக்குமுன் அந்த வாயுவின் அசைவை அளந்தது. வினாடிக்கு 164 கிலோமீட்டர். இத்துணைக் கொந்தளிப்பான இடத்தில் இவ்வளவு அமைதியை எதிர்பார்த்தவர் சிலரே. கருந்துளையின் வெப்பம் வாயுவெங்கும் எப்படிப் பகிரப்படுகிறது என்ற விவாதம் அதனால் முடியாமல், மேலும் கூர்மையடைந்தது.

மண்டலங்களிலிருந்து பிய்த்தெறியப்பட்டு, எந்த மண்டலத்துக்கும் உரிமையற்றுக் கொத்தின் இடைவெளியில் திரியும் விண்மீன்களும் உண்டு. கோமா கொத்தில் அவற்றின் மங்கிய ஒளிப்படலத்தை 1951-லேயே ஸ்விக்கி குறிப்பிட்டார். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட முதல் படங்களுள் ஒன்று பெர்சியஸ் கொத்தினுடையது. ஆயிரம் மண்டலங்கள் ஒரே படத்தில் தெரிந்தன; அதே நோக்கலிலிருந்து அவற்றுக்கிடையே படர்ந்த அந்த அனாதை ஒளியையும் ஆய்வாளர்கள் அளந்தெடுத்தனர்.

இத்தகைய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் உடனே ஒரு திருமறை வசனத்தோடு பொருத்தி, முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று மகிழும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. அறிவியல் தன் எண்ணை நாளை திருத்திக்கொள்ளும். பொருத்திப் பேசியவர் வசனத்தை எங்கே கொண்டு வைப்பார்? கிரகணம் போன்று கணிதத்தால் நிறுவப்பட்டவற்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்று தஹாஃபுதின் முன்னுரையில் எச்சரித்த இமாமவர்கள், தம் எதிர்வாதியிடம் கேட்டது அளவீட்டின் நுட்பத்தைப் பற்றிய கேள்வியை என்பது நோக்கத்தக்கது. வானியலுக்கென ‘ஷரஹு சக்மீனீ’ போன்ற நூல்களை வைத்திருந்த நிஜாமிய்யா பாடத்திட்டம் அந்தக் கேள்வியை மாணவரிடம் உயிரோடு வைத்திருந்தது. இன்று பல இடங்களில் அப்பாடமே இல்லை.

எண்கள் திருத்தப்படுவதற்கு நமது அண்டைவீடே எடுத்துக்காட்டு. கி.பி. 964-இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தமது விண்மீன் நூலில் ஒரு சிறு முகிலைக் குறித்துவைத்தார். அது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலம். அது முகிலன்று, தனியொரு மண்டலம் என்பதை எட்வின் ஹபிளின் அளவீடு உறுதிசெய்தது 1920-களில்தான். அதுவும் நமது பால்வெளியும் பெருங்கொத்தில் இல்லை. பெரியவை இரண்டும் சிறியவை பலவும் சேர்ந்த ஒரு சிறு குழுவில் உள்ளன. இங்கே வெப்ப வாயுப் புயலில்லை. வேகங்கள் குறைவு, எனவே இணைதல் இயலும். இவ்விரண்டும் சுமார் 400 கோடி ஆண்டுகளில் மோதும் என்று 2012-இல் உறுதியாகச் சொல்லப்பட்டது. அண்டையிலுள்ள பிற மண்டலங்களின் ஈர்ப்பையும் அளவீட்டுப் பிழைகளையும் சேர்த்து 2025-இல் மீண்டும் கணக்கிட்டவர்கள், அடுத்த ஆயிரங் கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான் என்கின்றனர். நிலவற்ற இரவில், நகர விளக்குகளை விட்டு விலகி நின்றால், அஸ்ஸூஃபி கண்ட அம்முகில் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது.